பின்னால் வருபவருக்காகக் கட்டுங்கள்

கார் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கோ கோத்தகிரிக்கோ கிளம்ப நினைப்பவர்கள், கேரியர் விற்கும் கடையில் முதலில் கேட்பது, "சைக்கிள்ல கீறல் விழாதே?" என்பது. அடுத்தது, "கார் பெயின்ட் போயிடாதே?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான், ஆசைப்பட்டு வாங்கிய பொருள்களைப் பற்றிய கவலை யாருக்கும் இருக்கும். ஆனால் அந்தக் காருக்கு இருபது முப்பது அடி பின்னால், பெரும்பாலும் பின்சீட்டில் இன்னொருவரையும் உட்காரவைத்து டூவீலரில் வந்துகொண்டிருப்பவரைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. கூரையில் சைக்கிளை எப்படிப் பிணைப்பது என்பதை அந்த மனிதரை மனதில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் கார் ஓட்டுபவர் தலையில் மட்டும் சுமத்தாமல், கேரியரை விற்பவரும் காரைத் தயாரிப்பவரும் பங்குபோட்டுக்கொள்ளும்படி விதி வர வேண்டும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் நம் சாலைகளின் கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ ஒரு காரின் கூரையிலிருந்து சைக்கிள் கழன்று விழுந்தால், பின்னால் வருவது பெரும்பாலும் இன்னொரு கார். பம்பர், கண்ணாடி, சீட் பெல்ட், காற்றுப்பை என்று அந்த ஓட்டுநருக்கும் விழும் பொருளுக்கும் நடுவே பல தடுப்புகள் இருக்கும். நம் ஊரில் அந்த இடத்தில் ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் அம்மா இருக்கலாம். அங்கே வகுத்த பாதுகாப்பு அளவு இங்கே குறைந்தபட்சமாக இருக்க வேண்டும். நாம் அதைக்கூடக் கேட்பதில்லை.

சாலையில் விழுந்த பொருள் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கு கண்ணைத் திறக்கும். அங்குள்ள ஏ.ஏ.ஏ. சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளில் சாலையில் கிடந்த பொருள்களால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்தன. ஏறக்குறைய 39,000 பேர் காயமடைந்தார்கள். 500 பேருக்கு மேல் இறந்தார்கள். இவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், சரியாகக் கட்டாத சுமையோ பராமரிப்பில்லாத வாகனத்தின் பாகமோ கீழே விழுந்தது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இறந்தவர்களில் 37 சதவீதம் பேரின் சாவு, பொருளில் மோதாமல் தப்பிக்க ஓட்டுநர் வண்டியை ஒடித்ததால் நேர்ந்தது. அதாவது, சைக்கிள் யார்மேலும் விழ வேண்டும் என்பதில்லை. சாலை நடுவே கிடந்தாலே போதும். நம் பக்கத்து டூவீலர் ஒன்று 60 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. நம் சாலைகளில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே பல நேரம் அந்த 17 மீட்டர்கூட இருப்பதில்லை. கண் பார்த்து மூளை உணர்ந்து கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும்.

"எங்க ஊர் பஸ் மேலயே சைக்கிள் ஏத்திட்டுப் போனவங்கதானே நாம, ஒரு கயிறு பத்தாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அனுபவத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்தப் பேருந்து போன வேகத்தையும் இன்றைய கார் போகும் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். காற்றின் எதிர்ப்பு விசையும் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அசையாமல் இருந்த கட்டு, 80-ல் நான்கு மடங்கு காற்றைத் தாங்க வேண்டும். நான்குவழிச் சாலையில் 100-ஐத் தொட்டால் ஆறு மடங்குக்கு மேல். 80 கி.மீ. வேகத்தில் கழன்று பறக்கும் 12 கிலோ சைக்கிளிடம் இருக்கும் ஆற்றல், அதே சைக்கிளை எட்டாவது மாடியிலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். இதற்குமேல் கயிற்றுக்கே உரிய குறை ஒன்று இருக்கிறது. நைலான் கயிறு இழுபடும்; நனைந்தால் இன்னும் இழுபடும்; அதிர்வில் முடிச்சு இளகும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு இன்னும் மோசம். நீளுவதுதான் அதன் வேலை; பொருளை ஓரிடத்தில் நிறுத்துவது அல்ல.

நல்ல கேரியர் சைக்கிளை மூன்று இடங்களில் பிடிக்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒரு நீளமான தட்டில் உட்காரும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்கும். ஒரு கை எழுந்து வந்து, ஃபிரேமின் கீழ்ப்பக்கக் குழாயான டவுன் ட்யூபைக் கவ்வும். இந்த மூன்றுக்கும் வேலை வேறுவேறு. சக்கரப் பட்டைகள் சைக்கிள் மேலே எழும்பாமலும் முன்பின் நகராமலும் பிடிக்கின்றன. கவ்வும் கை பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கிறது. காரை முழு பலத்தோடு பிரேக் அடித்து நிறுத்தினால், சைக்கிளின் எடைக்கு ஏறக்குறைய சமமான விசை அதை முன்னோக்கித் தள்ளும். பள்ளத்தைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் பக்கவாட்டில் தள்ளும். அதிவேகத்தில் தெரியாமல் ஏறிய வேகத்தடை மேல்நோக்கித் தூக்கும். இந்த மூன்று திசைகளில் ஒன்றைத் தாங்காத பிணைப்பும் பிணைப்பு ஆகாது. பின் சக்கரப் பட்டையை மறந்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் இறுக்கிக் கிளம்புவது பலர் செய்யும் தவறு. பட்டை டயரை மட்டும் சுற்றியிருந்து, போகப்போகக் காற்று இறங்கினால், அதுவும் தளர்ந்துவிடும். அது ரிம்மைப் பிடிக்க வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எல்லாம் இறுக்கிய பிறகு, சைக்கிளின் ஃபிரேமைப் பிடித்து நாலா பக்கமும் பலமாக ஆட்ட வேண்டும். சைக்கிளோடு சேர்ந்து கார் முழுவதும் தன் சஸ்பென்ஷனில் ஆட வேண்டும். கார் நின்றபடி இருக்க, சைக்கிள் மட்டும் ஆடினால் எங்கோ ஒரு கண்ணி இளகியிருக்கிறது என்று பொருள். கிளம்பிய முதல் பதினைந்து இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, இதே சோதனையை மறுபடி செய்வது அவசியம். பட்டையும் ரப்பரும் அந்தத் தூரத்தில்தான் தம் இடத்தில் படிந்து, கொஞ்சம் தளரும். பிறகு ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் ஒரு பார்வை. பூட்டைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் இதை விட்டுவிடக் கூடாது. பூட்டு திருடனைத் தடுக்கும், காற்றை அல்ல.

முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கின் நுனிகளைக் கேரியரில் மாட்டும் வகையும் உண்டு. உயரம் குறையும், காற்றின் பிடி குறையும் என்பதால் நீண்ட பயணம் போகிறவர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் எந்த சைக்கிளுக்கு எந்த ஆக்சில் என்பதில் இங்கே கவனம் வேண்டும். பழைய குயிக் ரிலீஸ் ஃபோர்க்குக்கான கவ்வியில், 12 அல்லது 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் உள்ள ஃபோர்க்கை உரிய அடாப்டர் இல்லாமல் எப்படியாவது பொருத்திவிடுவது ஆபத்து. பொருந்தியதுபோல் தோன்றும், முதல் பலத்த பிரேக்கில் உண்மை தெரியும். கார்பன் ஃபிரேமுக்கு வேறு கணக்கு. அலுமினியக் குழாய் அழுத்தினால் நசுங்கிய இடம் கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளுக்குள் விரிசல் விட்டு, வெளியே பளபளப்பாகவே இருக்கலாம். அந்த விரிசல் பிறகு மலை இறக்கத்தில் ஓட்டுபவரின் உயிருக்கு உலை வைக்கும். எனவே கார்பன் சைக்கிளுக்கு ஃபிரேமைத் தொடாமல் சக்கரத்தை மட்டும் பிடிக்கும் கேரியர்தான் சரி. ராட்செட் பட்டையை வலுவுள்ள மட்டும் திருகி ஃபிரேமின் மேல் இறுக்குவது அலுமினியத்துக்கே நல்லதல்ல.

சைக்கிளும் கேரியரும் சரியாக இருந்து, கார் சரியில்லாமல் போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடியது. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். இன்று விற்கும் கார்கள் பலவற்றின் கூரையில் இருபுறமும் பளபளப்பாக ஓடும் ரெயில்கள் வெறும் அலங்காரம். பசையாலும் கிளிப்பாலும் ஒட்டியிருக்கும் அவை தங்கள் எடையைத் தவிர எதையும் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. வாங்குபவருக்கு வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் தெரியாது. எடை தாங்கும் ரெயில் இருந்தாலும், ஓடும் காரின் கூரை சுமக்கக்கூடிய அளவு சாதாரணக் கார்களில் 50 முதல் 75 கிலோ வரைதான். இந்த எண் கார் கையேட்டின் உள்ளே எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும். 50 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். குறுக்குச் சட்டங்கள் இரண்டும் சேர்ந்து 5 கிலோ, கேரியர் ஒன்றுக்கு 4 கிலோ, சைக்கிள் ஒன்றுக்கு 13 கிலோ என்றால், இரண்டு சைக்கிளோடு 39 கிலோ ஆகிவிடும். மூன்றாவதை ஏற்றினால் 56. குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று சைக்கிள் என்று ஏற்றுபவர்கள் கேரியரின் எடையையும் சட்டத்தின் எடையையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பேட்டரி சைக்கிள்கள் பல 20 கிலோவைத் தாண்டும். கேரியர்கள் பலவற்றுக்கு ஒரு சைக்கிளின் உச்ச எடையே அதுதான். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைக்க வேண்டும். அதோடு தண்ணீர் பாட்டில், காற்றடிக்கும் பம்ப், விளக்கு, சீட்டுக்குக் கீழ்ப் பை, குழந்தை இருக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பறக்கக்கூடியவை. மழைக்கும் தூசிக்கும் பயந்து சைக்கிளின் மேல் உறை போடுவது எல்லாவற்றையும்விடக் கெடுதல், அது பாய்மரமாகிவிடும்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் எதிர்க்காற்றை மட்டுமே நினைக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது, சாலையின் இருபுறமும் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதைப் பார்ப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் கூரையில் நிற்கும் சைக்கிள்களையும் பக்கவாட்டில் அறைகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் செய்வதும் இதுவே. எதிரே வரும் லாரி விலகிய கணத்தில் காற்று ஒருமுறை நின்று மறுபடி அடிக்கும். அந்த விட்டுவிட்டு அடிக்கும் அடியில்தான் இளகிய கண்ணி கழலும். அந்தப் பகுதிகளில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மலைப்பாதையில் கார் வளைவில் கூடுதலாகச் சாய்வதும் உயரத்தில் ஏற்றிய எடையால்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ, ஓட்டுபவருக்குக் கார் வழக்கம்போல் நடந்துகொள்ளாது. உயரத்தைச் சொல்லவே வேண்டாம்: ஒன்றரை மீட்டர் உயரக் கார் சைக்கிளோடு 2.6 மீட்டரைத் தாண்டும். ரயில்வே சுரங்கப்பாதை, அடுக்குமாடியின் நிலத்தடி வாகன நிறுத்தம், புளியமரக் கிளை ஆகிய மூன்றும் அதற்குக் காத்திருக்கின்றன. டேஷ்போர்டில் 'மேலே சைக்கிள்' என்று ஒரு சீட்டு ஒட்டிவைப்பது சிறுபிள்ளைத்தனம் அல்ல.

இவ்வளவு தொல்லைக்குக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். கனமான கேள்வி இது. ஐரோப்பாவில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உயரத் தூக்க வேண்டியதில்லை, காற்றுத் தடையும் குறைவு. ஆனால் அங்கே காரின் அடிச்சட்டத்தோடு பிணைந்த இழுவைக் கொக்கியில் கேரியர் உட்காருகிறது. அந்தக் கேரியரிலேயே பின்விளக்குகளும் இன்னொரு நம்பர் பிளேட்டும் உண்டு. நம் ஊரில் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டிக்கிக் கதவின் விளிம்பில் கொக்கி மாட்டிப் பட்டையால் இழுத்துக் கட்டும் வகை. அதில் சைக்கிள் ஏறினால் நம்பர் பிளேட் மறையும், பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் பாதி மறையும். பின்னால் வருபவரின் பாதுகாப்பை முன்வைத்துப் பேசும்போது, நம் பிரேக் விளக்கை அவரிடமிருந்து மறைக்கும் ஏற்பாட்டை நான் எப்படிச் சிபாரிசு செய்வேன்? ஒரே ஒரு சைக்கிள் என்றால் கூரையும் வேண்டாம், பின்பக்கமும் வேண்டாம். முன் சக்கரத்தைக் கழற்றி, பின் இருக்கையை மடக்கி, பழைய போர்வை ஒன்றை விரித்து உள்ளேயே வைத்துப் பட்டையால் கட்டிவிடலாம். உள்ளே கட்டாமல் விட்ட சைக்கிளும் பலத்த பிரேக்கில் முன்னிருக்கையில் இருப்பவரின் கழுத்துக்கு வரும் என்பதால்தான் பட்டை. இரண்டு, மூன்று சைக்கிளும் நான்கு ஆட்களும் என்றாகும்போதுதான் கூரை தேவைப்படுகிறது. அப்போது அதை முறையாகச் செய்ய வேண்டும்.

முறை என்ன என்பதை யார் சொல்வது? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் வழியாக வந்த 194(1ஏ) பிரிவு, பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அது அளவைப் பேசுகிறது. பிணைப்பின் வலிமையைப் பேசவில்லை. அளவுக்குள் அடங்கி, ரப்பர் கயிற்றில் தொங்கும் சைக்கிள் அந்தப் பிரிவில் மாட்டாது. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதியின் 22-வது பிரிவு வேறுவிதமாகக் கேட்கிறது: முழு பிரேக் அடித்தாலும், திடீரென்று வண்டியை ஒடித்தாலும் சுமை நகரவோ, சாயவோ, உருளவோ, விழவோ கூடாது. யாரும் புரிந்துகொள்ளக்கூடிய, சோதித்துப் பார்க்கக்கூடிய அளவுகோல் அது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 2004-ல் ஒரு வாகனத்திலிருந்து பறந்துவந்த சாமான் பின்னால் காரில் வந்த இளம்பெண்ணைக் கொடுமையாகக் காயப்படுத்தியது. அதன் விளைவாக 2005-ல், கட்டாத சுமையால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதைக் குற்றவியல் குற்றமாக்கும் சட்டம் அங்கே வந்தது. நமக்கு ஒரு விபத்து வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. கூரைக் கேரியர்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 11154 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய அரசு, கூரையில் சுமை ஏற்றும் சாதனங்களுக்கும் அதைச் செய்யலாம்.

"இன்னொரு விதி வந்தால், போலீஸ் மறித்துக் காசு பறிக்க இன்னொரு காரணம் கிடைக்கும்" என்ற அச்சம் நம் மக்களிடம் வீணாக எழுவதல்ல. அதனால்தான் கட்டுப்பாட்டைச் சாலையில் வைக்காமல் கடையில் வைக்க வேண்டும் என்கிறேன். தரமில்லாத கேரியர் விற்பனைக்கே வராவிட்டால், அதைச் சாலையில் மறிக்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும். விலையைப் பற்றிய எதிர்ப்பும் உண்டு. நல்ல குறுக்குச் சட்டமும் கேரியரும் சேர்ந்தால் ஒரு சாதாரண சைக்கிளின் விலையைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை பயன்படும் பொருளை ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. சைக்கிள் குழுக்களும் கடைகளும் வாடகைக்குக் கொடுக்கலாம். வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் முடியாதவருக்கு உள்ளே ஏற்றும் வழி இருக்கிறது. மலிவு என்ற காரணத்துக்காக அந்த ஆபத்தைப் பின்னால் வருபவரிடம் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. வசதியுள்ள சிலரின் பொழுதுபோக்குக்கு ஏன் இத்தனை பேச்சு என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே: பொழுதுபோக்கு காரில் போகிறவருடையது, காயம் டூவீலரில் வருகிறவருடையது. தவிரவும் இதே கூரையில்தான் மெத்தையும் பீரோவும் வீடு மாறும் சாமானும் போகின்றன. சைக்கிளுக்கென்று வகுக்கும் ஒழுங்கு அவற்றுக்கும் பயன்படும்.

கார் நிறுவனங்களிடம் கேட்பதும் பெரிதல்ல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன்கூட அதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் குழாயைச் செருகுகிறான். ஓடும் காரின் கூரை எத்தனை கிலோ தாங்கும், கூரை ரெயில் சுமைக்கானதா அலங்காரத்துக்கானதா என்ற இரண்டு வரிகளையும் அதே ஸ்டிக்கரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுத் தரும்படி அமைச்சகம் உத்தரவிடலாம்.